இரண்டு சாண் ஊஞ்சல்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் மிளகும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என எழுதுவதுதான் முறை. ஆனால் உன் முதுகுவலி குறையவில்லை என்பது போனில் நீ நாற்காலியில் உட்காரும்போது விடும் மூச்சிலேயே தெரிகிறது. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். மருத்துவரிடம் போ. நாள் முழுக்க முதியோர் இல்லத்தில் யார் யாருடைய சக்கர நாற்காலியையோ தள்ளுகிறவளுக்குத் தன் முதுகைக் காட்ட ஒரு மணி நேரம் கிடைக்காதா?

எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் மகள் பக்கத்திலேயே இருக்கிறாள். அவளுக்குக் கால்தான் நடக்காது. காது, பக்கத்துத் தெரு வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு வரும். தவிர, போனில் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் பேச்சை மாற்றுவேன். எழுத்தில் இரண்டுக்கும் வழியில்லை.

நீ அனுப்பிய படங்கள் வந்தன. உங்கள் ஊர்ப் பூங்காவில் நாற்காலியோடு ஏறிக்கொள்ளும் ஊஞ்சல் இருக்கிறது, தரையோடு தரையாகச் சுற்றும் ராட்டினம் இருக்கிறது, உட்கார்ந்தபடியே அளையும் உயரத்தில் மணல்தொட்டி இருக்கிறது. எல்லாம் பார்த்தேன். படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். வரும் விடுமுறையில் வந்து அவளை உங்களோடு அழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். அவளுக்கு விருப்பமா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு ஒரு போட்டோவும் எடுத்து அனுப்ப வேண்டும். கேட்கிறேன். சமயம் பார்த்துத்தான் கேட்க வேண்டும். ‘ஆறு மாசம் பார்த்துக்க அக்கா’ என்று நீ விட்டுப்போன மூன்று வயதுக் குழந்தை இல்லை இப்போது. ஒன்பது வயது. எதைக் கேட்டாலும் எதிர்க்கேள்வி வரும். போட்டோ விஷயம், ஸ்டுடியோ மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. பார்க்கலாம்.

படங்களைப் பார்த்துவிட்டு உனக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. இங்கேயும் ஒரு ஊஞ்சல் வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்றால், வந்து நிற்கிறது.

நம் தெருக்கோடிப் பூங்காவுக்கு ஒரு பராமரிப்புக் குழு இருப்பது உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கே அதன் செயலாளரை மைக் சத்தமாகத்தான் தெரியும். ஓய்வுபெற்ற அதிகாரி. பேச நாலு பேர் கிடைத்தால் ஐந்தாவதாக மைக்கைத் தேடுவார். மிளகு அவருக்கு மைக் தாத்தா என்று பேர் வைத்திருக்கிறாள். நான் கூட்டம் என்றாலே ஒதுங்குகிறவள். ஆனால் போன வருஷம் முழுக்க மாலை வேளைகளில் மற்ற பிள்ளைகள் ஏறி இறங்குவதை இவள் வேலியோரம் நாற்காலியில் இருந்தபடி பார்ப்பதும், மாடிவீட்டுப் பெண் சறுக்கி வரும் ஒவ்வொரு தடவையும் ‘எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சு’ என்று இவள் கேட்பதும் எனக்குச் சகிக்கவில்லை. அந்தப் பெண்ணும் நல்ல பெண். ‘ஜிவ்வுன்னு இருந்துச்சு’ என்று ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொல்வாள். ஜிவ்வுக்கு மேல் ஒருத்திக்கு விளக்கவும் தெரியவில்லை, மற்றவளுக்குப் போதவும் இல்லை. அதனால் கூட்டத்துக்குப் போனேன்.

நான் கேட்டதும் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கு இந்தக் கலங்கல்களைப் பற்றி ஏற்கெனவே தெரியும், கலங்கிய கண்ணுக்கு எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. செயலாளர் எழுந்து, ‘அந்தக் குழந்தைங்களுக்கு நாம கட்டாயம் செய்யணும். மரத்தடியில ஒரு பெஞ்சு, மேல ஒரு குடை. நிழல்ல உட்கார்ந்து மத்த பிள்ளைங்க விளையாடுறதைப் பார்க்கலாம்’ என்றார். கைதட்டினார்கள். நான், ‘வேடிக்கை பார்க்கத்தான் அவளுக்கு வீட்டு ஜன்னல் இருக்கே, இங்கே எதுக்கு இன்னொண்ணு’ என்றேன். கைதட்டல் நின்றது. அன்றிலிருந்து குழுவில் எனக்கு ஒரு மரியாதை. அதாவது, நான் உள்ளே நுழைந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எப்படியோ நகராட்சியிலிருந்து அனுமதி கிடைத்தது. இரும்புத் தட்டு, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி, நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப் பலகை. ஏறியதும் அந்தப் பலகையையே தூக்கி மாட்டினால் அது கதவாகிவிடும். நாற்காலியின் சக்கரங்களை இறுக்க வார்கள். நகராட்சிப் பொறியாளர் படத்தைக் காட்டி விளக்கினார். சின்ன வயது, நல்ல பிள்ளை. ஆனால் நான் என்ன செய்ய, கம்பியோ சங்கிலியோ எதுவானாலும் அது அறும்வரை இழுத்துப் பார்த்துச் சான்று எழுதித் தருவது என் பிழைப்பு. பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷம் உடைத்தவளுக்குப் புதுப் பொருளைப் பார்த்தால் உடையும் இடம்தான் முதலில் தெரியும். கொக்கி எத்தனை எடை தாங்கும், வார் நழுவினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில், ‘ஒரு குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு?’ என்றேன். அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது. குறித்துக்கொண்டார். திருப்தியாக வீட்டுக்கு வந்தேன்.

இப்போது ஊஞ்சலை நட்டு, சிமெண்ட் காய்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். நகராட்சித் தலைவர் வந்து திறந்து வைக்க வேண்டுமாம். அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. முதலில் ஒரு வெள்ளிக்கிழமை, பிறகு அதற்கடுத்த வாரம், பிறகு அவருக்குத் தொண்டை கட்டு. செயலாளர் வீட்டில் தொலைக்காட்சி ரிமோட்டின் மேல், வாங்கிய அன்றைக்கு இருந்த பிளாஸ்டிக் உறை இன்னமும் இருக்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். இவர்களிடம் ஊஞ்சலைக் கொடுத்தால் வேறென்ன செய்வார்கள்.

மிளகு தினமும் மாலையில் போய்த் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு வருகிறாள். நேற்று செயலாளரிடமே, ‘உள்ள நிஜமா ஊஞ்சல்தான் இருக்கா தாத்தா, இல்ல கூட்டம் முடிஞ்சும் போகாம யாராவது தூங்குறாங்களா?’ என்று கேட்டாள். அவர் என்னைத்தான் முறைத்தார்.

திறந்ததும் எழுதுகிறேன். அவசரப்பட்டு டிக்கெட் எதுவும் எடுத்துவிடாதே. மருத்துவரிடம் போ.

நல்லதே நடக்கட்டும்.

உன் அக்கா

❖

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதில் வந்தது. நலம் விசாரித்ததற்கு நன்றி. எனக்கு நலத்துக்குக் குறைவில்லை, பொறுமைக்குத்தான்.

‘அங்கே எல்லாத்துக்கும் சண்டை போடணும் அக்கா, இங்கே எல்லாம் தயாரா இருக்கு’ என்று எழுதியிருக்கிறாய். சரி. சண்டை போட்டது நான், தயாராக இருந்தது நீங்கள். இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. போட்டோ இன்னும் எடுக்கவில்லை. அவளும் மாடிவீட்டுப் பெண்ணும் கத்தரிக்கோலை எடுத்து ஒருத்திக்கொருத்தி முன்முடி வெட்டிவிட்டிருக்கிறார்கள். நெற்றியில் எலி கடித்த மாதிரி இருக்கிறது. வளரட்டும்.

திறப்பு விழா நடந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் முன்பின்னாகிவிடும்.

விழாவுக்கு முதல்நாள் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஊஞ்சலில் முதலில் ஏறும் குழந்தை மிளகுதான், பெருமையான விஷயம் என்றார். ஒரு காகிதத்தை நீட்டினார். அவள் மைக்கில் வாசிக்க வேண்டிய நன்றியுரை. ‘நடக்க இயலாத எங்கள் வாழ்வில் ஒளியேற்றிய’ என்று ஆரம்பித்தது. அவள் அதை முழுக்கப் படித்துவிட்டு, ‘தாத்தா, ஒளியெல்லாம் இருக்கு எங்க வீட்டுல, ஊஞ்சல்தான் இல்ல’ என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, குழந்தை கொஞ்சம் அமைதியாக, முடிந்தால் கொஞ்சம் உருக்கமாக இருந்தால் படம் நன்றாக வரும் என்றார். ‘அவளை உருக்க என் கூடத்து உலையாலேயே முடியாது’ என்றேன். சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பந்தல், நாற்காலிகள், ரிப்பன். தலைவர் வந்தார். தொண்டை சரியாகியிருந்தது, அதை முழுசாக நிரூபித்தார். மிளகின் முறை வந்தபோது மைக்கை வாங்கி, ‘எல்லாருக்கும் நன்றி. ரிப்பனைச் சீக்கிரம் வெட்டிடுங்க’ என்றாள். விழாவிலேயே நல்ல பேச்சு அதுதான்.

நாற்காலியோடு ஏற்றினோம். வார்களை நான் இறுக்கினேன், பொறியாளர் இன்னொரு தடவை இறுக்கினார், பலகையைத் தூக்கி மாட்டினார். தலைவர் பின்னால் போய்ப் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தள்ளினார். ஊஞ்சல் இரண்டு சாண் தூரம் போனது. டங் என்று நின்றது. திரும்பி இரண்டு சாண் வந்தது. டங். எல்லோரும் கைதட்டினார்கள். மறுபடி தள்ளினார். டங், டங். பெட்டிக் கதவு சாத்தித் திறப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

உன் மகள் கம்பியைப் பிடித்தபடி, கண்ணை இறுக்கி மூடிக் காத்திருந்தாள். வாய் ஓரத்தில் சிரிப்புத் தயாராக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, ‘எப்ப பெரியம்மா ஆட ஆரம்பிக்கும்?’ என்றாள்.

குனிந்து பார்த்தேன். தட்டுக்கு அடியில் முன்னும் பின்னும் இரண்டு தடித்த சங்கிலிகள். தரையில் சிமெண்டில் புதைத்த வளையத்தில் பூட்டியிருந்தார்கள். அவை ஊஞ்சலை விடாமல் பிடித்திருந்தன. ஊஞ்சல் வந்த பெட்டியில் அப்படி எதுவும் கிடையாது, நான் படத்தைப் பார்த்திருக்கிறேன். பொறியாளரைத் தனியாகக் கூப்பிட்டு, யாருடைய வேலை இது என்று கேட்டேன். அவர் முகத்தில் நான் பாராட்டப்போகிறேன் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ‘நீங்கதானே மேடம் கூட்டத்துல கேட்டீங்க, விழுந்தா யார் பொறுப்புன்னு. எனக்குத் தூக்கமே வரல. யோசிச்சு யோசிச்சு இதைக் கண்டுபிடிச்சேன். இப்ப விழவே முடியாது மேடம்’ என்றார்.

தவளை தன் வாயால் கெடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊஞ்சலைச் சுற்றி ஒரு கம்பி வேலி, வேலியில் ஒரு பலகை: ‘சிறப்புக் குழந்தைகளுக்கு மட்டும். மற்றவர்கள் ஏறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’ தள்ளிவிடலாம் என்று ஆசையாக உள்ளே வந்த மாடிவீட்டுப் பெண்ணைப் பூங்காக் காவலாளி வெளியே அனுப்பிவிட்டார். மிளகு பலகையை வாசித்துவிட்டு, ‘நான் சிறப்புன்னா அவ என்ன சாதாவா?’ என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘நான் ஒண்ணும் சாதா இல்ல’ என்று வீட்டுக்குப் போனவள் இரண்டு நாள் இவளோடு பேசவில்லை. ஆக, ஊஞ்சல் வருவதற்கு முன்பு இவள் வேலிக்கு வெளியே தோழியோடு இருந்தாள். வந்த பிறகு வேலிக்கு உள்ளே தனியாக இருக்கிறாள். முன்னேற்றம்தான்.

மிளகை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். நம் வீட்டு வாசற்படிக்குப் போட்டிருக்கும் சரிவுப் பலகையில் நாற்காலியை ஏற்றும்போதுதான் கேட்டாள், ‘பெரியம்மா, அம்மாவோட ஊர்ல இருக்கிற ஊஞ்சல் ஆடுமா?’ என்று. படங்களை நான் காட்டவே இல்லை. என் போனில் அவளே பார்த்திருக்கிறாள்.

தெரியாது என்று சொன்னேன். அந்த ஊஞ்சல் மரக்கிளை உயரத்துக்குப் போகும் என்று நீ எழுதியிருந்தது நினைவில் இல்லாமல் சொல்லவில்லை.

நீ கேட்கச் சொன்னதை இன்னும் கேட்கவில்லை. முதலில் இந்தச் சங்கிலியை ஒரு வழி பண்ண வேண்டும்.

உன் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றாயே, கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாயா? கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு. இந்த ஒன்றுக்காவது நேராகப் பதில் எழுது.

உன் அக்கா

❖

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதம் தாமதம். நீ இரண்டு தடவை போன் செய்தும் நான் சரியாகப் பேசவில்லை. கோபம் இல்லை. எழுத வேண்டியது ஒன்று இருந்தது, அதற்கு முன்னால் பேசினால் அது வேறு மாதிரி வெளியே வந்துவிடும்.

முதலில் சங்கிலியின் கதை.

கழற்றுங்கள் என்று பொறியாளரிடம் போனேன். தான் போட்டதைத் தானே கழற்ற முடியாது, மேலதிகாரி சொல்ல வேண்டும் என்றார். மேலதிகாரி, அது குழுவின் பராமரிப்பில் இருக்கிறது, குழு எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார். செயலாளரிடம் போனால், அது நகராட்சியின் சொத்து, நாங்கள் கை வைக்க முடியாது என்றார். பூட்டும்போது ஒருவரும் யாரையும் கேட்கவில்லை. அவிழ்க்கத்தான் இத்தனை பேர் வேண்டும். மூன்றாவது சுற்றில் செயலாளர், ‘குழந்தை பத்திரமா இருக்கு, அதுவும் ஆடுது. இதுக்கு மேல என்னம்மா வேணும் உங்களுக்கு?’ என்றார். ‘உங்க நாற்காலியை இதே மாதிரி யாராவது தரையில பூட்டி வெச்சுட்டு, பத்திரமா இருக்கீங்கன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?’ என்று கேட்டேன். மனிதர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

எல்லோருக்கும் பயம் ஒன்றுதான்: விழுந்தால் யார் பொறுப்பு. அந்தக் கேள்வியை ஊருக்குள் விட்டவள் நான்தான் என்பதால் நானே பிடித்துக் கட்டவேண்டியதாயிற்று. ஒரு விடுமுறை நாள் காலையில் எங்கள் கூடத்திலிருந்து எடைக்கட்டிகளையும் மணல் மூட்டைகளையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். மிளகும் நாற்காலியும் சேர்ந்து எவ்வளவோ, அதைப்போல நான்கு மடங்கு எடையை ஊஞ்சலில் ஏற்றி, மறுநாள் வரை அப்படியே விட்டோம். கொக்கி, கம்பி, வெல்டிங் எதுவும் அசையவில்லை. பிறகு, சோதனைக்கு மட்டும் என்ற பேச்சில் அந்தச் சங்கிலிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு மடங்கு எடையோடு ஆட்டிப் பார்த்தோம். மூட்டைகள் மேலே போய்ப் போய் வந்தன. காவலாளி, வேலைக்குப் போகிற வழியில் நின்றவர்கள் எல்லோரும் வாய் பார்த்தார்கள். மணல் மூட்டைக்குக் கிடைக்கிற ஆட்டம் உன் மகளுக்குக் கிடைக்கவில்லை. செயலாளர் என் காதருகே வந்து, இந்தப் பரிசோதனையைத் துவக்கி வைக்கத் தலைவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்றார். பதில் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சான்று எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். பொறியாளரும் போட்டார். அதே மாலை மிளகை ஏற்றினோம்.

இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். அவளை ஏற்றி, வார் இறுக்கி, கதவு மாட்டியாயிற்று. பொறியாளர் ஒரு சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ‘மேடம், ஒண்ணு சொல்லலாமா. சங்கிலியை நீளமாக்கியும் பூட்டலாம். எவ்வளவு தூரம் விடலாம்னு நீங்களே சொல்லுங்க’ என்றார். நான்கு மடங்கு எடையைத் தாங்கியது என்று என் கைப்பட எழுதிய காகிதம் என் பையில் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘பாதி’ என்றேன்.

யோசிக்காமல் வந்த வார்த்தை. மிளகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ‘பெரியம்மா, நீங்க எந்தப் பக்கம்?’ என்றாள்.

பொறியாளர் என் முகத்தைப் பார்க்காமல் சங்கிலியைக் கொண்டுபோய்க் காவலாளியின் அறையில் போட்டுவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை.

பலகையில் செயலாளரே பெயிண்ட் வாங்கிவந்து, ‘துணைக்கு ஒருவர் ஏறலாம்’ என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். எழுத்து கோணல். ஆனால் அவர் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி. மாடிவீட்டுப் பெண் ரோஷத்தை விட்டுவிட்டு உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் போய்த் தள்ளினேன். முதலில் மெதுவாக. பிறகு மிளகு திட்டத் திட்ட வேகமாக.

அவள் போட்ட சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. தெருவில் கதவுகள் திறந்தன. எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. முகம் மேலே போய்விட்டு வருகிறது, நான் பின்னால் நிற்கிறேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த முகத்தை முன்னாலிருந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. தள்ளுகிறவருக்கு அது கிடைக்காது. இறங்கியதும் வாந்தி எடுத்தாள். நான் பதறிப்போனேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு மாடிவீட்டுப் பெண்ணிடம், ‘நீ சொன்னியே ஜிவ்வு, அது தப்பு. வயிறு கீழயே நின்னுடுது, நாம மட்டும் மேல போயிடுறோம்’ என்றாள். பிறகு, ‘இன்னொரு தடவை’ என்றாள்.

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டித் தலை துவட்டும்போது நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அதற்கு முன்னால், அன்றைக்குத் தெரியாது என்று சொன்னது சரியில்லை, அம்மாவின் ஊரில் இருக்கும் ஊஞ்சல் ஆடும், இதைவிட உயரமாகவே ஆடும், அம்மா எழுதியிருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டேன். லீவில் அம்மாவும் அப்பாவும் வந்து உன்னை அங்கே அழைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்றேன்.

துண்டுக்குள்ளிருந்தே கேட்டாள், ‘யார் தள்ளுவா?’ என்று.

அம்மா தள்ளுவாள் என்றேன். ‘அம்மாவுக்குத்தான் எப்பவும் டியூட்டியாச்சே. முதுகும் வலிக்குமே’ என்றாள். அப்பா தள்ளுவார் என்றேன். ‘அப்பா ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிட்டுப் பகல்ல தூங்குவார்ல’ என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போல, தெரிந்த விஷயத்தைச் சொன்னாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பதில் வந்ததும் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு மாடிவீட்டுப் பெண்ணைக் கூப்பிடப் போய்விட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் நீதான் எழுத வேண்டும். நான் உன்னைக் குத்திக்காட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. உனக்கு அப்படித் தோன்றும் என்று தெரியும், எனக்கே எழுதும்போது தோன்றியது, இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ஆனால் அவள் கேட்டதை அவள் கேட்டபடி உன்னிடம் சேர்ப்பது என் வேலை. சேர்த்துவிட்டேன்.

விடுமுறைக்கு வாருங்கள். வந்ததும் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிற மாதிரி வராதே. கிடைக்கிற லீவு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வா. அவளைத் தள்ளுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நடுவில் நிற்காதே, கொஞ்சம் வலப்பக்கம் நில். அவளுக்கு வலக்கைப் பிடி கம்பியில் சரியாக நிற்காது, நழுவினால் உடனே தெரியும். பேச்சு கொடுத்துக்கொண்டே தள்ளாதே, பிடிக்காது. ‘போதும்’ என்பாள். முதல் ‘போதும்’ பொய், அதற்கு அர்த்தம் இன்னும் வேகமாக என்பது. இரண்டாவதுக்கும் நிறுத்த வேண்டியதில்லை. குரல் இறங்கிச் சத்தமில்லாமல் ஒரு ‘போதும்’ வரும், அதுதான் நிஜம், அப்போது உடனே பிடித்துவிட வேண்டும். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடச் சில நாள் ஆனது. உனக்குச் சீக்கிரம் பிடிபடலாம். நீ அம்மா.

உன் வீட்டுக்காரரும் பழகட்டும். அப்புறம் அவளே சொல்வாள்.

போட்டோ எடுத்துவிட்டேன். ஸ்டுடியோக்காரரைக் கீழே வரச் சொன்னால் வருகிறார், கேட்டால்தானே. ஆனால் படத்தில் பல் தெரியச் சிரித்திருக்கிறாள், சிரித்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். சிரிக்காத போட்டோ ஒன்று மறுபடி எடுத்து அடுத்த வாரம் அனுப்புகிறேன். சிரித்தது என்னிடம் இருக்கட்டும்.

செயலாளர் முதல் கூட்டத்தில் சொன்னாரே, மரத்தடியில் பெஞ்சு, மேலே குடை. அதைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஊஞ்சலுக்கு எதிரே, முகம் தெரிகிற பக்கம். யாருக்கு மேடம் என்று ஆச்சரியமாகக் கேட்டார். எனக்குத்தான் என்றேன். நீ தள்ளும்போது நான் உட்கார ஓர் இடம் வேண்டும்.

உன் முதுகு நேராகட்டும். கைக்குப் பலம் சேர்த்துக்கொண்டு வா.

உன் அக்கா